நாலாம் பக்கத்துக் கீர்த்தனை

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ராஜபார்ட் அப்பாத்துரைக்கு அதில் பாதிதான் பலித்தது. ஐம்பத்தோராவது வயதில், சாத்தான்குளத்து நாடகக் கொட்டகையில், எதிரி மன்னன்மேல் வாளை ஓங்கிக்கொண்டு மண்டியிட்டவர், மண்டியிட்டபடியே இருந்துவிட்டார். மடங்கிய முட்டு நிமிர மாட்டேன் என்றது. கடைசியில் எதிரி மன்னனே கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. சனங்கள் அதுவும் கதையில் உள்ளதுதான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அப்பாத்துரை மறுநாளே கிரீடத்தைக் கம்பெனிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டார். கால் போனால் போகட்டும், தொண்டை இருக்கிறது, இனிமேல் பாட்டு மட்டும் போதும் என்று முடிவுகட்டினார். ராஜா உட்கார்ந்துகொண்டு சண்டை போட முடியாது. பாடகன் உட்கார்ந்துகொண்டு பாடலாம்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம். மேலப்பாளையம் காஜா முகைதீன் அப்போது வண்ணார்பேட்டையில் கடிகாரம், ஆர்மோனியம், கிராமபோன் பாட்டுப்பெட்டி விற்றுக்கொண்டிருந்தார். பெட்டி வாங்கினவர்கள் எல்லாம், "நம்ம ஊர் ஆள் பாடுன பிளேட்டு ஒண்ணுகூடவா இல்ல, சாயபு?" என்று கேட்டு அவர் உயிரை வாங்கினார்கள். அவரும் கல்கத்தா பிளேட் கம்பெனிக்கு எழுதி எழுதி, பங்குனி மாதத்தில் பாட்டுப் பதிகிற ஒரு வெள்ளைக்காரத் துரையைப் பதினெட்டு மரப்பெட்டிகளோடு ரயிலில் வரவழைத்துவிட்டார். பாடுவதற்கு யார்? கொட்டகையில் கடைசி வரிசைவரைக்கும் குரல் எட்டுகிறவர் அப்பாத்துரையைவிட்டால் இந்தச் சீமையில் ஆள் கிடையாது.

இரண்டு பிளேட், நாலு பக்கம். நாலிலும் நாடகப் பாட்டுத்தான் வேண்டும் என்றார் காஜா முகைதீன். மூன்று உமக்கு, நாலாவது என் இஷ்டம் என்றார் அப்பாத்துரை.

"அப்படி என்ன பாட்டு வே அது?"

"எங்க அப்பா கட்டுன கீர்த்தனை."

"வேதக்காரங்க பாட்டா? யாரு வே வாங்குவா?"

"யாரும் வாங்காட்டா நானே வாங்கிக்கிடுதேன். அது இல்லைன்னா மத்த மூணும் இல்ல."

இப்படிப் பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருந்தது. அப்பாத்துரையின் அப்பா இஸ்ரவேல், பாளையங்கோட்டையில் மிஷன் உபதேசியார். மகன் பதினெட்டு வயதில் நாடகக் கம்பெனிக்கு ஓடிப்போய்ச் சேலை கட்டி ஆடினான் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு அவர் அடிக்கவில்லை, வையவும் இல்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "வீட்டுக்கு வா, சோறு தின்னு. ஜெப நேரத்துல மட்டும் இங்க இருக்கப்படாது. கூத்தாடுற வாயால கர்த்தருடைய பாட்டைப் பாடப்படாது." அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். உபதேசியார் செத்து இருபது வருஷமாகியும் அந்த வார்த்தை சாகவில்லை. அப்பாத்துரை மூத்த அக்காள் ஹெப்சிபா வீட்டுக்கு அடிக்கடி வருவார், சாப்பிடுவார், சிரிக்கச் சிரிக்கக் கதை பேசுவார். சாயங்காலம் வேதக்கோயில் மணி அடித்து அக்காள் பாட்டுப் புத்தகத்தில் கைவைத்தால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அவள் இரு என்று சொன்னதில்லை. இவரும் இருக்கட்டுமா என்று கேட்டதில்லை. முப்பத்து மூன்று வருஷம் இப்படியே போயிற்று.

பிளேட் என்றால் வேறு கதை. மிஷன் தெருவில் வீட்டுக்கு வீடு பாட்டுப்பெட்டி வந்துகொண்டிருந்தது. அப்பாவின் பாட்டு, இவர் குரலில், அந்த வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து பாடும். துண்டை உதறிக்கொண்டு எழுந்திருக்க அதற்குக் கால் கிடையாது. தன்னை உள்ளே விடாத ஜெப நேரத்துக்குள் தன் குரலாவது போய்விட வேண்டும் என்பதுதான் அப்பாத்துரையின் ஆசை. வேறொன்றும் இல்லை.

வண்ணார்பேட்டைக் கடையின் மாடியில், ஜன்னல் கதவெல்லாம் அடைத்துக் கம்பளி தொங்கவிட்டு ஒரு அறையைத் தயார் செய்திருந்தார்கள். பங்குனி வெயிலில் அது அறையா, இட்லிக் கொப்பரையா என்று தெரியவில்லை. சுவரில் ஒரு ஓட்டை; அதற்குள்ளிருந்து பெரிய தகரக் குழாய் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பாடுகிறவன் அதற்குள் பாட வேண்டும். அந்தப் பக்கம் சுற்றுகிற மெழுகுத் தட்டில் ஊசி கோடு போடும். துரை முதலில் குழாயின் தூரம் பார்க்க ஆர்மோனியக்காரர் சங்கிலிபூதத்தானை வாசிக்கச் சொல்லி ஒரு தட்டு எடுத்தான். அவர் பாட்டுக்கு மூன்று நிமிஷம் வாசித்துவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது கஷ்டகாலம். அப்பாத்துரை வாயைத் திறந்தால் கடைசி வரிசைக்குப் போகிற குரல்; ஊசி துள்ளிக் குதித்து மெழுகைக் கிழித்துவிட்டது. முதல் தட்டு போச்சு. இரண்டாவதில் ராஜா நடிப்பு வந்து வலதுபக்கம் பார்த்து ஒரு வரி, இடதுபக்கம் பார்த்து ஒரு வரி பாட, குழாய்க்குள் பாதிப் பாட்டுத்தான் விழுந்தது. மூன்றாவதிலிருந்து துரை பின்னால் நின்று அவர் பிடரியைப் பிடித்துக்கொண்டான். மேல் ஸ்தாயி வந்தால் பின்னால் இழுப்பான், கீழே வந்தால் முன்னால் தள்ளுவான். ஐம்பத்தாறு தேசத்து ராஜாக்களாக நின்றவரை ஆட்டுக்கிடாயைப் பிடிக்கிற மாதிரி பிடித்தால் எப்படி இருக்கும்! ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று நாடகப் பாட்டையும் சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுத்துவிட்டார்.

"ஒருக்க போட்டுக் காட்டச் சொல்லும் சாயபு. என் குரலை நான் கேட்டதே இல்ல" என்றார்.

துரை தலையை ஆட்டி மறுத்தான். காஜா முகைதீன் விளக்கினார். "மெழுகு பச்சை, அண்ணாச்சி. இப்ப அதுமேல ஊசிய ஓட்டுனா கோடெல்லாம் அழிஞ்சு போயிரும். வெதைச்ச வயல்ல மறுபடி ஏர் பூட்டுன கணக்கு. கல்கத்தாவுக்குப் போயி, செம்புல வார்த்து, பிளேட்டா வந்தப் பொறவுதான் கேக்கணும். எட்டு மாசம் ஆகும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கீர்த்தனைக்கு ஒரே ஒரு தட்டுதான் மிச்சம். மத்ததெல்லாம் நீரு கிழிச்சது, வெயில்ல உருகுனது. நாளைக்கு ஒரே மூச்சுல பாடிரணும்" என்றார்.

கீர்த்தனை எழுதின நோட்டு அக்காளிடம் இருந்தது. ராத்திரி போய்க் கேட்டபோது ஹெப்சிபா தர மாட்டேன் என்றுவிட்டாள். மிஷன் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷமாகத் தலைமை வாத்தியாரம்மாள். பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. "அப்பா கையெழுத்து. கண்ட எடத்துக்கும் அனுப்பமாட்டேன். நாளைக்கு சனிக்கிழமைதான, நானே கொண்டாரேன்" என்றாள்.

சொன்னபடி மறுநாள் குடையும் நோட்டுமாக மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். அப்பாத்துரைக்குக் கிட்டத்து எழுத்து தெரியாது. நோட்டைக் கொஞ்சம் தள்ளி யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அதை வேறு கை தொட அவள் விடமாட்டாள். ஆகவே அறைக்குள்ளேயே அவளை நிறுத்த வேண்டியதாயிற்று.

"அம்மா, மூச்சுச் சத்தம்கூட வரப்படாது. எல்லாம் மெழுகுல விழுந்துரும்" என்றார் காஜா முகைதீன்.

"நாப்பது பிள்ளைங்க வாய அடைக்கவ நான். எனக்கு என் வாய மூடத் தெரியாதா?" என்றாள் ஹெப்சிபா.

துரை கதவை அடைத்தான். கத்தாமல், வீட்டில் பாடுகிற மாதிரி பாடு என்று கையாலேயே காட்டினான். அப்பாத்துரை சங்கிலிபூதத்தானைப் பார்த்துச் சுருதியை இரண்டு கட்டைக்கு இறக்கச் சொன்னார். ஐந்து கட்டைக்குக் குறைந்து அவர் பாடி முப்பது வருஷமாயிற்று. சங்கிலிபூதத்தான் ஒன்றும் கேட்காமல் இறக்கினார். பாடலாம் என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

"தாளில்லாக் கதவுடைய நாதா, உம் வீட்டில் தரையில் எனக்கோர் பாய் உண்டோ..."

அடி முடிந்தது. அடுத்த அடி எடுக்க அப்பாத்துரை மூச்சு வாங்கினார். அந்தக் கணத்தில், தோளுக்குப் பக்கத்திலிருந்து, கணீரென்று வந்தது:

"தரையில் எனக்கோர் பாய் உண்டோ..."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். உபதேசியார் வீட்டு ஜெபத்தில் அது சட்டம். அப்பா ஒரு அடி பாடுவார், பிள்ளைகள் வாங்கிப் பாட வேண்டும். வாங்கத் தவறினால் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழும். பாட்டு முதலிலிருந்து தொடங்கும். இரண்டு கட்டையில், அந்த மெட்டில், அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளுக்கு, குழாயும் துரையும் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? வாய் தானாகத் திறந்துகொண்டது.

காஜா முகைதீன் தலையில் கைவைத்தார். அப்பாத்துரை நிறுத்தவில்லை. ஜெபப்பாட்டை நடுவில் நிறுத்திப் பழக்கம் அவருக்கும் இல்லை. அடுத்த அடியைப் பாடி இடம் விட்டார், அவள் வாங்கினாள். மூன்று நிமிஷமும் அவர் பாட, அவள் வாங்க, கடைசி அடியில் இரண்டு குரலும் ஒன்றாகப் போய் நின்றன. விளக்கு அணைந்தது. அப்போதுதான் ஹெப்சிபாவுக்குச் சுயநினைவு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துரைக்கு ஒரே சந்தோஷம். முன்பே பேசிவைத்த ஏற்பாடு என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. கைகுலுக்கினான். காஜா முகைதீனும் கணக்கை மாற்றிக்கொண்டார். "அண்ணாச்சி, ரெண்டு குரலும் சேந்து தேனாட்டம் இருக்கு வே! அம்மா பேரையும் பிளேட்டுல போட்ருவோம். மிஷன் ஸ்கூல் வாத்தியாரம்மான்னு போட்டா இன்னும் விசேஷம்" என்றார்.

அப்பாத்துரை அக்காளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது.  போன வருஷம்தான், கொட்டகைக்குப் போய் நாடகம் பார்த்தாள் என்று ஒரு சின்ன வாத்தியாரம்மாளின் வேலை போயிற்று. பார்த்ததற்கே அந்தக் கதி. கூத்தாடி பிளேட்டில், ஒரு பக்கம் ராஜா காதல் பாட்டு, மறுபக்கம் தலைமை வாத்தியாரம்மாள் குரல் என்று கடைத்தெருவில் பாடினால்? முப்பது வருஷத்து வேலையும் மரியாதையும் ஒரு நாளில் போய்விடும். தன்னால் அப்பாவுக்குப் போன மானம் போதாதா, அக்காளுக்கும் போக வேண்டுமா?

காஜா முகைதீனை ஓரமாகக் கூட்டிப்போனார். "அக்கா குரலை மட்டும் எடுக்க முடியுமா?"

"அது எப்படி வே முடியும்? மெழுகுல விழுந்தது விழுந்ததுதான்."

"வேற தட்டு?"

"இல்ல. துரை ராத்திரி ரயிலுக்குப் போறான்."

அப்பாத்துரை தகரக் குழாயைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். "அப்ப போட்டுக் காட்டச் சொல்லும். இப்பமே."

"என்ன வே, புத்தி பேதலிச்சுப்போச்சா? போட்டா அழிஞ்சிரும்னு நேத்துதானே சொன்னேன்!"

"தெரியும். அதுக்குத்தான் போடச் சொல்லுதேன். அக்காவுக்கு மட்டும் தெரியப்படாது."

துரை இரண்டு தடவை கேட்டான். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு வேறு ஊசி மாட்டினான். குழாயிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. அப்புறம் பாட்டு வந்தது.

அப்பாத்துரை தன் குரலை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டார். அது அவர் குரலே இல்லை. தணிந்து, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வைத்துப் பாடுகிற அந்தக் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். குட்டுப் பட்ட இடம் தலையில் வலிக்கிற மாதிரி இருந்தது.

"ஏலே... அப்பால்லா பாடுதாவ" என்றாள் ஹெப்சிபா. குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்று கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அவர் கையைப் பிடித்தாள். "இன்னொருக்க போடச் சொல்லேன்லே."

மேடையில் 'ஒன்ஸ்மோர்' என்று ஒரு குரல் கேட்டாலே போதும், செத்துக் கிடக்கிற ராஜா எழுந்து பாடிவிட்டு மறுபடி சாக வேண்டும். அதுதான் நாடகத்து மரியாதை. முப்பத்து மூன்று வருஷத்தில் அப்பாத்துரை ஒரு ஒன்ஸ்மோரையும் தட்டினவர் இல்லை. அன்றைக்குத் தட்டினார். "ஒருக்கதான் அக்கா போடலாம். மிச்சத்தைப் பிளேட்டு வந்தப் பொறவு கேட்டுக்கலாம்" என்றார். பொய் சொல்ல அவருக்கு நன்றாகவே வரும், தொழில் அது.

அதற்குப் பிறகு அவர் போகும்போதெல்லாம் ஹெப்சிபா ஒரே கேள்விதான் கேட்டாள். "கல்கத்தாவுலருந்து வந்துட்டா?" பயத்தில் கேட்கிறாள் என்று அப்பாத்துரை நினைத்துக்கொண்டார். ஒருநாள், "பயப்படாத அக்கா" என்றுகூடச் சொன்னார். "எனக்கென்னலே பயம்?" என்றாள் அவள். வெளிக்குச் சொல்லுகிறாள் பாவம் என்று நினைத்துக்கொண்டு, மணி அடிக்குமுன் துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கையில் பிளேட்டுகள் வந்தன. நாலாம் பக்கம் காலியாகப் போகக்கூடாது என்று, தூரம் பார்க்க எடுத்த தட்டையே கம்பெனி போட்டு அனுப்பியிருந்தது. 'ஆர்மோனியம், சங்கிலிபூதத்தான்' என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஆசைப்பட்டவனுக்கு ஒன்றுமில்லை, வெற்றிலை போடப் போனவனுக்குத் தங்க எழுத்து!

பாட்டுப்பெட்டியோடு பிளேட்டை வீட்டுக்கே கொண்டுவரும்படி ஹெப்சிபா கடைக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பாத்துரையும் காஜா முகைதீனும் உள்ளே நுழைந்தால், கூடம் நிறையப் பாய் விரித்து ஆட்கள். வேதக்கோயில் குருவானவர் கிருபைராஜ் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சாரம்மாள், பள்ளிக்கூடத்துச் சின்ன வாத்தியாரம்மாள்கள், எதிர்வீட்டுக்காரர்கள், எல்லாரும் இருந்தார்கள். 

"வாங்க ராஜா" என்றார் கிருபைராஜ் குருவானவர். "எட்டு மாசமா ஒங்க அக்கா இந்தப் பேச்சுத்தான் பேசுதாங்க. 'நானும் என் தம்பியும் பாடின கீர்த்தனை வருது'ன்னு சபையில கேக்காத ஆளு இல்ல. பள்ளிக்கூடத்த நடத்துற வெள்ளைக்கார மிஸியம்மாகிட்டயும் மறுநாளே போயிச் சொல்லிட்டாங்க. வேலை வேணும்னா எடுத்துக்கிடுங்க, குரலை எடுக்க விடமாட்டேன்னாங்களாம். அந்தம்மா சிரிச்சுட்டு எனக்கும் ஒரு பிளேட்டு வாங்கி வைன்னுட்டாங்க."

அப்பாத்துரை சாயபுவைப் பார்த்தார். காஜா முகைதீன் அவர் முகத்தைப் பார்க்காமல் பெட்டிக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நாலாவது பக்கத்தப் போடுங்க சாயபு. மத்தது எங்களுக்கு வேண்டாம்" என்றாள் ஹெப்சிபா.

பிளேட் சுற்றியது. சங்கிலிபூதத்தானின் ஆர்மோனியம் துள்ளிக்கொண்டு வந்தது. கூடத்தில் இருந்தவர்கள், முன்வாசிப்பு போலிருக்கிறது, பாட்டு இனிமேல் வரும் என்று காத்திருந்தார்கள். ஹெப்சிபா வாங்கிப் பாடத் தயாராக உதட்டைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆர்மோனியம் மூன்று நிமிஷமும் ஓடி முடிந்தது. ஊசி சும்மா உராய்ந்துகொண்டிருந்தது.

"பாட்டு எங்கலே?"

அப்பாத்துரை எல்லாவற்றையும் சொன்னார். பச்சை மெழுகு, ஒருக்கப் போட்டால் அழியும் என்பது, தெரிந்தே போடச் சொன்னது, எல்லாம். "ஒனக்கு மானக்கேடு வந்துருமேன்னு பயந்துட்டேன் அக்கா" என்று முடித்தார். அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை.

ஹெப்சிபா உராய்ந்துகொண்டிருந்த ஊசியைத் தானே தூக்கி வைத்தாள். பிறகு, "என்னய ஒரு வார்த்தை கேட்டியாலே?" என்றாள்.

 முப்பத்து மூன்று வருஷம் எழுதிக்கொடுத்த வசனம் பேசினவருக்கு அந்த இடத்துக்கு ஒரு வசனம் அகப்படவில்லை. கோயில் மணி அடித்தது. பழக்க தோஷம், கை தானாகத் துண்டை உதறியது. வாசல் பக்கம் திரும்பினார்.

"எங்க போற?"

"ஜெப நேரம்லா அக்கா."

"அதான் கேக்கேன். மணி அடிச்ச ஒடனே எந்திரிச்சு ஓடுதியே, இத்தன வருசமா, யாரு போகச் சொன்னா ஒன்ன?"

"அப்பா சொன்னாவ."

"அப்பா செத்து இருவது வருசமாச்சு. நான் சொன்னனா? ஒனக்குத்தான் ஜெபம் கசக்குதுன்னுல்லா நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்!" அவள் குரல் உடைந்தது, கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. "ஒக்காருலே."

காஜா முகைதீன் பெட்டியை மெல்ல மூடிவிட்டு, தனக்கும் தொழுகைக்கு நேரமாயிற்று என்று சொல்லி இறங்கினார். கிருபைராஜ் குருவானவர் நகர்ந்து பாயில் இடம் விட்டார். அப்பாத்துரை சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை ஒரு கையால் மடக்கி, பைய உட்கார்ந்தார்.

ஹெப்சிபா நோட்டைத் திறந்து அடியெடுத்தாள். பாடிவிட்டு நிறுத்தி, தம்பியைப் பார்த்தாள். அவர் வாங்கத் தவறினார். அவள் எட்டி அவர் நரைத்த தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டு, பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவர் வாங்கினார்.